டெப்பில் பூசிய திருநீறு

ரூபன்,

புது டெப் வாங்கட்டோ வேண்டாமோ, ஒரு பதில் சொல்லுங்கோ அப்பா என்று நீ திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறாய். தொலைபேசியில் நான் 'பாப்பம், பாப்பம்' என்றே சொல்லிவந்தேன். அது பதில் இல்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால்தான் இன்று காலைச் சாப்பாடு முடிந்ததும் மேசையைத் துடைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதி முடித்ததும், பள்ளிக்கூடத்தில் படிப்பித்த பக்கத்து வளவு ரீச்சர் தன் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்புவார். "நான் வாசிக்கமாட்டன் அண்ணை" என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறார். வாசிக்கத்தான் போகிறார். பரவாயில்லை, நடந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றவர்தானே. உன் அம்மா குளித்துவிட்டு முற்றத்தில் கதிரை போட்டு வெயிலில் இருக்கிறாள். தலை காய்வதற்குள் இதில் பாதியாவது எழுதிவிடலாம் என்று நினைக்கிறேன்.

அந்தத் தொடுதிரைக் கருவியைப் பற்றி நீ அனுப்பிய விளக்கங்கள் முழுவதையும் வாசித்தேன். விளங்காத இடங்களை ரீச்சரிடம் கேட்டேன். புதுத் தலைமுறை என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். வருடம் ஒரு தலைமுறை பிறக்கிற சாமான் போலிருக்கிறது. மூளை பழையதைவிடப் பல மடங்கு வேகமாம். இந்த வீட்டில் இப்போது இருப்பது இரண்டு பேர். கிணற்றடிக்குப் போய்வருவதையே ஒரு பயணம்போலச் செய்கிறவர்கள். எங்களுக்கு வேகம் எதற்கு? படம் கீறத் தனியாக ஒரு பேனை உண்டாம். உன் அம்மா கீறியதெல்லாம் பொங்கலன்று வாசலில் போட்ட கோலம்தான். நான் கேலி செய்கிறேன் என்று நினைக்காதே. காங்கேசன்துறைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த காலத்திலிருந்து எனக்குப் பழகிப்போனது ஒன்றுதான். ஒரு இயந்திரம் திறமோ கூடாதோ என்று கேட்பதற்கு முன், அது அந்த இடத்தில் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்பேன். தொழிற்சாலை மூடி, இடம்பெயர்ந்து, தென்மராட்சிக்கு வந்து தண்ணீர் இறைக்கிற மெசின் திருத்திப் பிழைத்தபோதும் அப்படித்தான். யாராவது புது மெசின் வாங்கட்டோ என்று கேட்டு வந்தால் அவர்களுடைய கிணற்றைத்தான் முதலில் போய் எட்டிப் பார்ப்பேன். எல்லோரும் சிரிப்பார்கள், நீயும் சிரித்திருக்கிறாய். இப்போதும் அதையேதான் செய்யப்போகிறேன்.

பழைய டெப் இந்த வீட்டில் என்ன வேலை செய்கிறது என்று உனக்கு முழுவதும் தெரியாது. கனடாவிலிருந்து திருவிழாவுக்கு வந்தவர்களிடம் நீ அதைக் கொடுத்தனுப்பி எத்தனையோ வருடமாகிறது. குசினியில் ஒருதரம் விழுந்து ஒரு மூலையில் கீறல். திரை மங்கி, பழைய கல்யாணப் படம்போல மஞ்சள் பாரித்துவிட்டது. தொட்டால் யோசித்துவிட்டுத்தான் வேலை செய்யும். இதெல்லாம் நீ சொன்ன குறைகள், ஒன்றும் பொய்யில்லை. ஆனால் பின்னேரம் ஐந்தரை மணியானால், அதாவது நீ அங்கே விடிய எழும்பி வேலைக்கு வெளிக்கிடுகிற நேரம், அம்மா முகம் கழுவி, சேலை மாற்றி, மேசையில் சீனிப் பேணியின்மேல் அதைச் சாய்த்து வைத்துவிட்டு முன்னால் வந்து இருப்பாள். நேரம், நாள், மாதம் எல்லாம் தவறிப்போன பிறகும் அந்த ஐந்தரை அவளுக்குத் தவறவில்லை. நான் மணிக்கூடு பார்க்காமல் அவள் முகம் கழுவுகிற சத்தத்தை வைத்தே நேரம் சொல்லுவேன்.

அது சார்ஜ் ஏறாமல் போனபோது, இனி அதன் காலம் முடிந்தது, திருத்துவது வீண் என்று நீ சொன்னாய். நான் உன் சொல்லைக் கேட்காமல் சாவகச்சேரிக்குக் கொண்டுபோனேன். சந்தைக்குப் பக்கத்தில் போன் திருத்துகிற கடை. கடைக்காரர் கீழே இருக்கிற அந்தச் சின்னத் துவாரத்துக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். பிறகு ஊசியால் மெதுவாகக் கிண்டினார். வெள்ளையாக ஏதோ மேசையில் கொட்டியது. விரலில் தொட்டு மணந்து பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஐயா, இது திருநீறெல்லோ. உதுக்குள்ளை எப்பிடிப் போனது?"

எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஆனால் கடையில் ஆட்கள் நின்றார்கள். "சாமி அறையிலை வைக்கிறனாங்கள்" என்று சொல்லிச் சமாளித்தேன். "உள்ளுக்கை இறுகிப்போய்க் கிடக்கு. கழட்டித்தான் துப்பரவாக்க வேணும், ரெண்டொரு நாள் விட்டிட்டுப் போங்கோ" என்றார். விட்டுவிட்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போது நீ சொன்னதை நினைத்துக்கொண்டு வந்தேன். நீ அந்த டெப் முதுமையில் செத்துப்போனது என்றாய். அப்படியில்லை, பிள்ளை. உன் அம்மா தன் கையால் நாளாந்தம் அதன் வாயில் திருநீறு போட்டு அடைத்திருக்கிறாள்.

திருநீறு பூசாமல் அவள் உன்னை எங்கும் அனுப்பியதில்லை. சோதனைக்கு, நேர்முகத்துக்கு, நெல்லியடியில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போவதென்றால்கூட. நீ வெளிநாட்டுக்கென்று புறப்பட்ட அன்று சாவகச்சேரி பஸ் நிலையத்தில் நாங்கள் மூன்று பேரும் நின்றோம். உன் பெட்டியை மூடுகிற சிப் கழன்று போயிருந்தது. நீயும் நானும் அந்தச் சிப்பைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தோம். நான் கயிறு வாங்கிவந்து குறுக்காகக் கட்டினேன், நீ முடிச்சை இன்னும் கொஞ்சம் இறுக்கச் சொன்னாய். பஸ் வந்தபோது அம்மா சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்த திருநீற்றை எடுத்து உன் நெற்றி நிறையப் பூசினாள். சனம் பார்க்கிறதென்று நீ வெட்கப்பட்டு, "காணும் அம்மா, காணும்" என்றாய். அவள் கேட்கவில்லை. கண்ணிலும் விழுந்துவிட்டது. நீ கண்ணைக் கசக்கிக்கொண்டே ஏறிப் போனாய். அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் என்னிடம் ஒரே கேள்விதான்: "அவன் அழுதவனோ, இல்லாட்டி திருநீறு விழுந்ததோ?" திருநீறுதான் என்று நான் சொல்லுவேன். அது அவளுக்கு ஆறுதலாக இருக்குமா, கவலையாக இருக்குமா என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியவில்லை.

டெப் வந்த முதல் நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். நீ வேலைக்குப் போகவேண்டும், வைக்கிறேன் என்று சொன்னதும் அம்மா, "கொஞ்சம் நில் அப்பன்" என்று எழும்பிப் போய்ச் சாமி அறையிலிருந்து திருநீற்றுச் சிமிழை எடுத்துவந்தாள். திரையில் உன் நெற்றி இருந்த இடத்தில் மூன்று விரலால் இழுத்தாள். விரல் பட்டதும் ஏதோ அமுங்கி அழைப்பு நின்றுபோனது. நீ திரும்ப எடுத்து, "ஏன் அம்மா கட் பண்ணினனீங்கள்?" என்று கேட்டாய். மறுநாளும் அதே கதை. பிறகு நீ இரகசியம் கண்டுபிடித்துவிட்டாய். வேலைக்குப் போகிற நேரம் வந்தால் சொல்லாமலே தலையைக் குனிந்து உச்சந்தலையைக் காட்டுவாய். அவள் பூசுவாள், அழைப்பு நின்றுபோகும். அதுதான் உங்கள் இரண்டு பேருக்கும் 'போயிட்டு வாறன்' என்று ஆகிவிட்டது. நான் பின்னால் நின்று ஈரத் துணியால் திரையைத் துடைத்துவிடுவேன். மேலே துடைத்தேனே தவிர, கீழே துவாரத்தை ஒருநாளும் பார்க்கவில்லை.

இனி அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிணற்றைப் பார்க்காமல் மெசினைப் பற்றிக் கதைக்கக்கூடாதல்லவா? பெரியாஸ்பத்திரி டொக்டர் என்ன சொன்னார் என்று உனக்கு நான் சொல்லியிருக்கிறேன்: திரும்பி வராது, மெதுவாகத்தான் போகும். கறிக்கு இரண்டுதரம் உப்புப் போடுகிறாள், சிலநாள் போடுவதே இல்லை. செத்துப்போன தன் தங்கச்சிக்கு மாம்பழம் எடுத்து வைக்கிறாள். ஆனால் அந்த மங்கிய திரையில் உன்னைக் கண்டால் மட்டும் ஒரு தடுமாற்றமும் இருந்ததில்லை. "மெலிஞ்சு போனான்" என்று நாளாந்தம் சொல்லுவாள். நீ மெலியவில்லை, எனக்குத் தெரியும். அந்தத் திரையில் உன் தாடி வெறும் நிழலாகத்தான் தெரியும். நரை தெரியாது, கண்ணுக்குக் கீழே விழுந்த பை தெரியாது. அதில் இருந்தது பஸ்ஸில் ஏறிப்போன பெடியன்தான். உனக்கு இருந்த ஒரே மனக்குறை, அம்மா உன்னை நேராகப் பார்ப்பதில்லை, யன்னலைப் பார்த்துக் கதைக்கிறா என்பது. பழைய டெப்பைக் கிடையாக வைத்தால் கமெரா ஒரு பக்கத்துக்குப் போய்விடுகிறது, அதனால்தான் அப்படி. புதியதில் கமெராவை நீளப் பக்கத்தின் நடுவில் வைத்திருக்கிறார்கள், அம்மா உன் கண்ணைப் பார்த்துக் கதைப்பா என்று நீ எழுதியிருந்தாய். நீ அனுப்பிய விளக்கங்களில் என் மனதைத் தொட்டது அந்த ஒன்றுதான். அதற்காகவே வாங்கலாம் என்று அன்று நினைத்தேன்.

பழையது கடையில் கிடந்த அந்த இரண்டு நாளில்தான் எல்லாம் நடந்தது. ஐந்தரைக்கு அம்மா வெறும் மேசைக்கு முன்னால் போய் இருந்ததைப் பார்த்துவிட்டு ரீச்சர் தன்னுடைய டெப்பைக் கொண்டுவந்தார். அவருடைய மகள் சுவிஸிலிருந்து அனுப்பியது, நீ சொன்ன அதே புதுத் தலைமுறை. நல்ல சாமான்தான், நான் கையில் வாங்கிப் பார்த்தேன். மெல்லிசு, பாரமில்லை, பொருத்து எங்கே என்று தெரியாத வேலைப்பாடு. உன் முகம் வந்தது. என்ன வெளிச்சம், என்ன துலக்கம். உன் தாடியில் எந்த மயிர் வெள்ளை, எது கறுப்பு என்று எண்ணலாம் போலிருந்தது. நானே ஒரு கணம் திகைத்தேன். எனக்கு இவ்வளவு வயதுவந்த பிள்ளை இருக்கிறான் என்று அன்றுதான் கண்ணால் கண்டேன். நீ சந்தோசமாகச் சிரித்தாய். "அப்பா, அம்மா என்னை நேர பாக்கிறா" என்றாய். ஓம், நேராகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துவிட்டுச் சேலையை இழுத்துத் தோளில் சரிசெய்தாள்.

"இருங்கோ தம்பி" என்றாள். "நீங்கள் எங்கடை ரூபனோடை வேலை செய்யிறனீங்களோ?"

ரீச்சர் என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்லி இடையில் புகுந்திருக்கலாம். புகவில்லை. அம்மா ஆட்களை வரவேற்கிற அந்த மரியாதைக் குரலில் தொடர்ந்து கதைத்தாள்.

"அவன் இப்ப கதைக்கிற நேரம். இண்டைக்கு என்னவோ காணேல்லை. நீங்கள் கண்டால், அம்மா பாத்துக்கொண்டிருக்கிறா எண்டு ஒருக்காச் சொல்லிவிடுங்கோ."

"ஓம் அம்மா" என்றாய் நீ. "சொல்லுறன்."

"வருவானோ?"

"வருவான் அம்மா. கெதியிலை வருவான்."

அதோடு திரை இருண்டது. "லைன் விட்டுப்போச்சுப் போலை" என்றார் ரீச்சர். லைன் விடவில்லை என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அம்மாவுக்குத்தான் தெரியாது. அவள் மடியில் திருநீற்றுச் சிமிழ் இருந்தது. மூடியைத் திறக்காமலே அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். போகும்போது, "நல்ல பெடியன். ஆற்றை பிள்ளையோ தெரியேல்லை" என்று சொல்லிக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு நீ முகம் காட்டவில்லை. எனக்குக் குரல் அழைப்பு எடுக்கிறாய், அம்மா சாப்பிட்டாவோ என்று கேட்கிறாய், உடனே டெப்பைப் பற்றித் தொடங்கிவிடுகிறாய். இது வாங்கவோ, அதைவிடப் பெரிய திரை உள்ளதை வாங்கவோ, நினைவகம் எவ்வளவு வேண்டும் என்று. உன்னை நான் குறை சொல்லவில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஏதாவது ஒரு சாமானை நடுவில் வைக்காமல் கதைக்கத் தெரியாதவர்கள். பஸ் நிலையத்தில் சிப்பைப் பற்றிக் கதைத்தோம். உனக்குக் கம்பஸ் அனுமதி கிடைக்கவில்லை என்று தெரிந்த அன்று முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, பின் சில்லுக் குண்டுகளைக் கழற்றிக் கழுவிக் கிறீஸ் போட்டோம். சோதனையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கையெல்லாம் கறுப்பாக நீ எழும்பி, "இனி நல்லா ஓடும் அப்பா" என்றபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. உனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். அது எங்கள் வழி, அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் இந்த முறை சாமானைக் கழற்றிப் பூட்டி முடித்துவிட்டேன், பிள்ளை. சொல்லாமல் விட்டது இன்னும் அப்படியே கிடக்கிறது.

முதலில் நானும் உன்னைப்போலத் திருத்தத்தான் பார்த்தேன். மறுநாள் ரீச்சரிடம் போய், இந்தப் புதுத் திரையைக் கொஞ்சம் மங்கலாக்க ஒரு வழியும் இல்லையோ என்று கேட்டேன். "ஆர் அண்ணை புதுசை வாங்கி மங்கலாக்கிறது?" என்று சிரித்தார். சிரித்துவிட்டு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மெல்லிய பொலித்தீன் ஒன்றைத் திரையில் ஒட்டிப் பார்க்கலாமோ என்று யோசித்தேன். உன்னைத் தாடி வழிக்கச் சொல்லுவோமோ, தலைக்குக் கறுப்பு அடிக்கச் சொல்லுவோமோ என்றுகூட யோசித்தேன். பிறகு எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. நாற்பது வயது மனிதனை, இரண்டு பிள்ளைகளின் தகப்பனை, வேசம் போட்டுக்கொண்டு வந்து தாயைப் பார் என்று எப்படிச் சொல்வது? சரி, பழையதையே வைத்து ஓட்டுவோம் என்று முடிவெடுத்தேன். கடைக்காரர் துப்பரவாக்கித் தந்துவிட்டார், இப்போது நன்றாகச் சார்ஜ் ஏறுகிறது. துவாரத்துக்குச் சைக்கிள் டியூப்பில் சின்ன அடைப்பு வெட்டிப் போட்டிருக்கிறேன், எவ்வளவு திருநீறும் பூசலாம். ஆனால் அந்த முடிவும் நிற்காது. பேசுகிற செயலியைத் திறந்தால், இந்தக் கருவியில் இனி அதிக காலம் இயங்காது என்று ஒரு அறிவித்தல் வருகிறது. துப்பரவாக்கியும் அது போகவில்லை. உள்ளே ஒரு பழுதும் இல்லாத சாமானை வெளியிலிருந்து நிறுத்துகிறார்கள். என் தொழிலில் நான் அப்படி ஒன்றைக் கண்டதில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும், சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதத்தால் பயனில்லை. பழைய டெப் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அம்மா வழக்கம்போல ஐந்தரைக்கு முன்னால் இருக்கிறாள். நீ வருவதில்லை. திரை கறுப்பாகவே இருக்கும். போன கிழமை அதற்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். "உதுக்குள்ளை ரூபனைக் காணேல்லை. ஆரோ ஒரு வயசுபோன மனுசிதான் இருக்கிறா" என்றாள். எனக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. கறுப்புக் கண்ணாடியில் தெரிந்தது அவளுடைய முகம்தான். நான் துவாயை எடுத்துத் திரையை மூடினேன். இரண்டு நாள் கழித்து என்னையும் "அண்ணை" என்று கூப்பிட்டாள், ரீச்சர் கூப்பிடுகிற மாதிரி. "அண்ணை, எங்கடை இவர் எத்தினை மணிக்கு வருவார்?" என்று கேட்டாள். நான் அவளுக்கு முன்னால்தான் நிற்கிறேன். "வந்திடுவார்" என்றேன். நீ அன்று சொன்ன அதே பதில். அன்றைக்குத்தான் உனக்கு அந்தத் திரைக்கு அங்கால் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. எனக்குப் பயமாக இருக்கிறது, ரூபன். பகலில் வேலைகளைச் செய்கிறேன், அவளுக்குத் தலை வாரி இழுத்துவிடுகிறேன், சோறு குழைத்துக் கொடுக்கிறேன், எல்லாம் செய்கிறேன். ஆனாலும் பயமாகத்தான் இருக்கிறது. இதை வாயால் உனக்குச் சொல்லமாட்டேன், அதனால்தான் எழுதுகிறேன்.

ஆகவே இதுதான் என் பதில். புதியதை வாங்கு. நல்ல சாமான், வாங்கலாம், அம்மாவின் கண் இருக்கிற இடத்தில் கமெராவும் இருக்கிறது, பழையது எப்படியும் நிற்கப்போகிறது. ஆனால் தபாலில் போடாதே, திருவிழாவுக்கு வருகிற எவரிடமும் கொடுத்துவிடாதே. நீ கொண்டுவா. முன்பு உனக்கு அங்கே தங்குகிற பத்திரம் இல்லாமல் இருந்தது, வரமுடியவில்லை. பத்திரம் கிடைத்தபோது பிள்ளைகள் கைக்குழந்தைகள். பிறகு வீடு, பிறகு வேலை மாற்றம். ஒவ்வொன்றும் நியாயமான காரணம்தான், நான் ஒன்றையும் மறுக்கவில்லை. இப்போது இருக்கிறது வேறு காரணம். உனக்குப் பயம், எனக்கு இருக்கிற அதே பயம். இவ்வளவு தூரம் வந்து, வாசலில் நிற்க, 'ஆர் நீங்கள்' என்று அவள் கேட்டுவிடுவாளோ என்று. கேட்பாள், ரூபன். அப்படிக் கேட்கமாட்டாள் என்று உன்னை ஏமாற்றிக் கூப்பிட எனக்கு மனமில்லை. "வாங்கோ தம்பி, இருங்கோ" என்பாள். தேத்தண்ணீர் போட்டுத் தருவாள், சீனி கூடுதலாகவோ இல்லாமலோ இருக்கும், குடி. ரூபனைத் தெரியுமோ என்று உன்னிடமே கேட்பாள். தெரியும் என்று சொல். பின்னேரம் ஐந்தரைக்கு அவள் மேசைக்கு வந்து இருக்கும்போது சீனிப் பேணியைத் தள்ளி வைத்துவிட்டு நீ முன்னால் வந்து இரு. இருந்து, வழக்கம்போலத் தலையைக் குனி. அன்று ரீச்சரின் டெப்பில் நீ குனியவில்லை. குனிந்திருந்தால் அவள் சிமிழைத் திறந்திருப்பாளோ என்று நான் அடிக்கடி யோசிக்கிறேன். திறந்திருப்பாள் என்றுதான் எனக்குப் படுகிறது. முகம் மறந்தாலும் அந்தக் கைக்கு மறந்திராது என்று நம்புகிறேன். நிச்சயம் சொல்ல என்னால் முடியாது. நீ வந்தால்தான் தெரியும்.

அம்மாவின் தலை காய்ந்துவிட்டது, நிழலுக்குக் கூட்டிப்போக வேண்டும், நிறுத்துகிறேன். ஒன்று மட்டும். அவள் எவ்வளவோ மறந்துவிட்டாள், காலையில் சாப்பிட்டதை மத்தியானம் மறக்கிறாள். ஆனால் அன்று புதுத் திரையில் வந்த அந்தப் பிள்ளை சொன்னதை மறக்கவில்லை. பின்னேரத்தில் நான் துவாய் போட்டு மூடிய டெப்பைப் பார்த்து, அவன் கெதியிலை வருவான் என்று அந்தத் தம்பி சொன்னவர்தானே என்கிறாள். நானும் ஓம் என்கிறேன். நல்ல பிள்ளை, சொன்ன சொல்லு மாறாது என்கிறாள். யாருடைய பிள்ளையோ என்று இன்னமும் கேட்கிறாள். 'உன்னுடைய பிள்ளைதான்' என்று நான் அவளிடம் சொல்ல, சிரிக்கிறாள்.

அப்பா